திரை கறுத்தால், கணினி நின்றுபோனால்: கொழும்பில் வீட்டுக் கணினி வைத்திருப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒரு தொடர்மாடியில் வசிக்கிறேன். கணினி திருத்துவது என் தொழிலன்று. ஆயினும் அயலவர்களும் உறவினர்களும் ‘ஒருக்கால் வந்து பாருங்கோ’ என்று அழைப்பது பல ஆண்டுகளாக நின்றபாடில்லை. வீடுகள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை என்பதால், வாய்மொழியாகச் சொல்லி வந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகியவற்றில் இயங்கும் வீட்டுக் கணினிகளை மனத்திற்கொண்டே இவை எழுதப்பட்டுள்ளன.

கணினியின் விசிறி சுழல்கிறது, விளக்கும் எரிகிறது. திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை. எங்கே தொடங்குவது?

கணினிக்குள் உருவாகும் படம் நம் கண்ணுக்கு எட்டுவதற்கு முன் மின்வழங்கி (பவர் சப்ளை), மதர்போர்ட் (எல்லாப் பகுதிகளையும் இணைக்கும் தாய்ப்பலகை), ரேம் (தற்காலிக நினைவகம்), படத்தை உருவாக்கும் கிராபிக்ஸ் பகுதி, கேபிள், மொனிட்டர் என்று ஒரு வரிசையைக் கடந்து வருகிறது. அந்த வரிசையில் எந்த இடத்தில் தடை என்று தெரிந்துகொள்ளும்வரை எதையும் வாங்கவும் வேண்டாம், எதையும் கழற்றவும் வேண்டாம். நான் எப்போதும் கடைசியில் நிற்கும் மொனிட்டரிலிருந்து பின்னோக்கிப் போவேன். அதைச் சோதிப்பதற்குத் திருப்புளிகூடத் தேவையில்லை.

மொனிட்டருக்கு மின்சாரம் இருக்க, கணினியிலிருந்து வரும் படக் கேபிளை மட்டும் கழற்றுங்கள். ‘நோ சிக்னல்’ என்றோ அந்தப் பொருளில் வேறெதுவுமோ திரையில் தோன்றினால் மொனிட்டருக்கு உயிர் இருக்கிறது என்று அறியலாம். எழுத்தும் இல்லை, அதன் சிறுவிளக்கும் எரியவில்லை என்றால் மொனிட்டரின் அடப்டரையோ அதன் மின்கேபிளையோ முதலில் சந்தேகிக்க வேண்டும். கேபிளை மீண்டும் பூட்டிய பின்பும் ‘நோ சிக்னல்’ என்றே நின்றால், மொனிட்டர் எந்த வாயிலில் படத்தை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதை அதன் பட்டனை அழுத்திப் பாருங்கள். எச்.டி.எம்.ஐ. என்ற புதிய வகைப் படக் கேபிளைப் பூட்டிவிட்டு மொனிட்டரை வி.ஜி.ஏ. என்ற பழைய வகை வாயிலில் விட்டு வைத்திருப்பது நாம் நினைப்பதைவிடச் சாதாரணமாக நடக்கிறது.

அடுத்து, கேபிள் கணினியின் பின்புறம் எந்தத் துளையில் செருகப்பட்டிருக்கிறது என்று கவனியுங்கள். தனியான கிராபிக்ஸ் கார்ட் உள்ள கணினியில் மதர்போர்டிலும் ஓர் எச்.டி.எம்.ஐ. துளை இருக்கும், அதில் செருகினால் பெரும்பாலும் படம் வராது. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவன் ஒருவனின் வீட்டில், தைப்பொங்கலுக்கு முதல் நாள் மேசையைத் துடைத்த தாயார் கழற்றிய கேபிளைக் கவனமாகவே திரும்பப் பூட்டியிருந்தார். ஆனால் கீழே கிடையாக இருந்த கார்டின் துளையில் அல்ல, மேலே நிமிர்ந்திருந்த மதர்போர்டின் துளையில். நான் போவதற்கு முன்பே புதிய மொனிட்டர் ஒன்றின் விலையைத் தொலைபேசியில் விசாரித்து வைத்திருந்தார்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தால், கீபோர்டில் ‘கெப்ஸ் லொக்’ விசையைச் சில தடவை அழுத்துங்கள். அதன் விளக்கு அணைந்தும் எரிந்தும் பதில் சொன்னால் கணினி உள்ளே விழித்திருக்கிறது. குறை படம் வரும் வழியில்தான் இருக்க வேண்டும். விளக்கு அசையவில்லை என்றால் கணினி தொடங்கும் கட்டத்தையே தாண்டவில்லை என்று எடுத்துக்கொண்டு ரேமைப் பார்க்க வேண்டும்.

ரேமைக் கழற்றித் துடைத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். அது வெறும் நம்பிக்கையா?

நம்பிக்கை அன்று. ரேமின் அடியில் இருக்கும் பொன்னிறக் கால்கள் மிக மெல்லிய தங்கப் பூச்சு உடையவை. அவற்றுக்கும் மதர்போர்டின் துளைக்குள் இருக்கும் நுண்ணிய தொடுகைகளுக்கும் இடையில் தூசியோ உப்பீரமோ படிந்தால் தொடர்பு விட்டுவிட்டுக் கிடைக்கும். கடற்காற்று சன்னலால் நேரே வந்து விழும் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை வீடுகளில் இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே கணினிப் பெட்டியின் திருகாணிகள் துருப்பிடித்துவிடுகின்றன. உள்ளே இருப்பவை மட்டும் தப்புமென எதிர்பார்க்க முடியாது.

பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, உள்ளே மிஞ்சியிருக்கும் மின்னேற்றம் வடிவதற்காகக் கணினியின் பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். பெட்டியின் வர்ணம் பூசாத உலோகப் பகுதியை ஒருமுறை தொட்ட பின், இரு பக்கமும் இருக்கும் பிடிகளை விலக்கி ரேமை நேர்மேலே தூக்குங்கள். பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் மிருதுவான வெள்ளை அழிறப்பரால் கால்களை ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்து, உதிர்ந்த துகள்களைத் தூரிகையால் துடைத்துவிடுங்கள். வாயால் ஊதுவது நம்மவரிடையே ஊறிப்போன பழக்கம். ஊதும்போது எச்சிலின் ஈரமும் சேர்ந்து போகிறது என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். திரும்பச் செருகும்போது பிடிகள் ‘டக்’ என்று பூட்டும்வரை இரு முனைகளையும் அழுத்த வேண்டும். இரண்டு ரேம்கள் இருந்தால் ஒவ்வொன்றாக மட்டும் பூட்டித் தொடங்கிப் பார்ப்பது, எது பழுது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடும்.

திறந்த கையோடு நாணயம் போன்ற வட்ட மின்கலத்தையும் பாருங்கள். சி.ஆர். 2032 எனப்படும் அந்த 3 வோல்ட் மின்கலம் தீர்ந்துவிட்டால், ஒவ்வொரு முறையும் திகதி பழைய ஆண்டுக்குப் போய், எஃப்1 ஐ அழுத்துமாறு கறுப்புத் திரையில் செய்தி வந்து நிற்கும். அதை மாற்றிவிட்டுத் திகதியைச் சரி செய்தால் போதும்.

மடிக்கணினியின் திரை கறுப்பாக இருக்கிறது. சத்தம் மட்டும் கேட்கிறது. திரை போய்விட்டதா?

அறையை இருட்டாக்கி, கைத்தொலைபேசியின் டோர்ச் வெளிச்சத்தைத் திரையின் மேல் சரிவாகப் பிடியுங்கள். மங்கலாக எழுத்துகளோ படமோ தெரிந்தால் படம் வந்திருக்கிறது, பின்னொளிதான் இல்லை. ஒன்றும் தெரியாவிட்டால் ‘விண்டோஸ்’, ‘கன்ட்ரோல்’, ‘ஷிஃப்ட்’, ‘பி’ (B) ஆகிய நான்கு விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள்; ஒரு சிறு ஒலியுடன் கிராபிக்ஸ் டிரைவர் (கிராபிக்ஸ் பகுதியை இயக்கும் மென்பொருள்) மட்டும் மீளத் தொடங்கும், திறந்திருந்த வேலை எதுவும் அழியாது. அதன் பிறகு வீட்டுத் தொலைக்காட்சியில் எச்.டி.எம்.ஐ. மூலம் பூட்டிப் பாருங்கள். தொலைக்காட்சியில் தெளிவாக வந்தால் பழுது மடிக்கணினியின் திரையிலோ, பிணைச்சலின் ஊடாகப் போகும் மெல்லிய கேபிளிலோ இருக்கிறது. மூடியை மெதுவாகத் திறந்து மூடும்போது குறிப்பிட்ட ஒரு கோணத்தில் மட்டும் படம் வந்து மறைந்தால் அந்தக் கேபிளேதான். முழுத் திரையையும் மாற்ற வேண்டும் என்று யாரேனும் சொன்னால் ஒரு நாள் அவகாசம் கேளுங்கள்.

திரை முழுவதும் மஞ்சளாக, சில நேரம் ஊதா கலந்த சிவப்பாகத் தெரிகிறது.

இன்னும் பழைய வி.ஜி.ஏ. கேபிளைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் விடை அநேகமாக அதில்தான் உள்ளது. அதன் 15 ஊசிகளில் முதல் மூன்றும் முறையே சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய நிறங்களைச் சுமக்கின்றன. நீலம் அறுந்தால் வெண்மை மஞ்சளாகவும், பச்சை அறுந்தால் ஊதா கலந்த சிவப்பாகவும், சிவப்பு அறுந்தால் வெளிர்நீலப் பச்சையாகவும் மாறும். வளைந்த ஊசி இருக்கிறதா என்று பார்த்து, கேபிளை மாற்றினால் சரியாகும். எச்.டி.எம்.ஐ. பயன்படுத்துவோர், மாலையில் தானாக இயங்கித் திரையை மஞ்சளாக்கும் ‘நைட் லைட்’ வசதி இயக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவும். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தம் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று எண்ணிக் கண் மருத்துவரிடம் நாள் குறித்து வைத்திருந்தது இதனால்தான்.

திரையில் கோடுகள், புள்ளிகள், துடிப்பு. மொனிட்டரா, கிராபிக்ஸ் கார்டா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், அதற்கு இரண்டு எளிய சோதனைகள் போதும். மொனிட்டரின் பட்டனை அழுத்தினால் வெளிச்சம், நிறம் முதலியவற்றை மாற்றும் சிறு பட்டியல் ஒன்று வருமல்லவா? அந்தப் பட்டியலை வரைவது கணினியன்று, மொனிட்டரே. ஆகவே கோடு அந்தப் பட்டியலின் மேலும் ஓடினால், அல்லது பட்டியலும் சேர்ந்து துடித்தால், பழுது மொனிட்டரில் உள்ளது. பட்டியல் சுத்தமாக இருந்து பின்னணி மட்டும் குழம்பினால் கேபிளுக்கும் கணினிக்கும் போக வேண்டும்.

இரண்டாவது சோதனையாகத் திரையை ‘ஸ்கிரீன்ஷொட்’ எடுத்து, அதைக் கைத்தொலைபேசிக்கு அனுப்பிப் பாருங்கள். அங்கும் அதே புள்ளிகள் தெரிந்தால் படம் உருவாகும்போதே கெட்டுப்போகிறது. டிரைவரையோ கிராபிக்ஸ் கார்டையோ சந்தேகிக்கலாம். தொலைபேசியில் படம் தெளிவாக இருந்தால் குறை அதற்குப் பிந்திய வழியில், பெரும்பாலும் கேபிளில் இருக்கிறது. திரையைத் தொலைபேசியின் கமராவால் படம்பிடித்து அனுப்பிவிட்டு ‘அதிலும் தெரிகிறதே’ என்று சொல்பவர்கள் உண்டு. அது இந்தச் சோதனை ஆகாது.

துடிப்பு மட்டுமே குறை என்றால், ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள்களைக் காட்டும் ‘டாஸ்க் மனேஜர்’ஐத் திறந்து பாருங்கள். எல்லாம் துடிக்கையில் அதுவும் சேர்ந்து துடித்தால் டிரைவர் காரணமாக இருக்கலாம்; அது மட்டும் அசையாமல் நின்றால் ஏதோ ஒரு மென்பொருள்தான் திரையைக் குழப்புகிறது. விண்டோஸைத் தயாரிக்கும் மைக்ரோசொஃப்ட் நிறுவனமே தரும் வழிகாட்டல் இது. நான் பார்த்த துடிப்புகளில் பல இந்தக் கட்டத்திலேயே தீர்ந்திருக்கின்றன.

நீலத்திரை வந்து கணினி தானாக மீளத் தொடங்குகிறது. அதில் எழுதியிருப்பதை வாசிப்பதற்குள் மறைந்துவிடுகிறது.

முதலில் அதை நிறுத்தி வைக்க வேண்டும். ‘சிஸ்டம் புரொப்பர்டீஸ்’ பகுதியில் ‘அட்வான்ஸ்ட்’ என்பதைத் திறந்து, ‘ஸ்டார்ட்அப் அண்ட் ரிகவரி’க்குள் தானாக மீளத் தொடங்கும் தெரிவை நீக்கிவிட்டால் அடுத்த முறை திரை அப்படியே நிற்கும், தொலைபேசியால் படம்பிடித்துக்கொள்ளலாம். விண்டோஸ் 11 இன் புதிய பதிப்புகளில் 2025 முதல் இந்தத் திரை நீலத்துக்குப் பதிலாகக் கறுப்பாக வருகிறது என்பதால், கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தும் விழுக்காடும் தெரிந்தால் அதுவும் இதுவேதான்.

கீழே வரும் ‘ஸ்டொப் கோட்’ என்னும் பெயரே முக்கியம். ‘வீடியோ டி.டி.ஆர்.’ என்று தொடங்கினால் கிராபிக்ஸ் பகுதி குறித்த நேரத்துக்குள் பதில் தரவில்லை என்று பொருள். விண்டோஸ் இயல்பாக 2 விநாடிகள் காத்திருக்கும். அதற்குள் பதில் வராவிட்டால் டிரைவரை மீளத் தொடங்க முயலும். அதுவும் முடியாதபோதுதான் இந்தத் திரையைக் காட்டும். டிரைவர், வெப்பம், கார்டுக்குப் போகும் மின்சாரம் ஆகிய மூன்றையும் இந்த வரிசையில் பார்க்க வேண்டும். ‘மெமரி மனேஜ்மென்ட்’ என்றால் ரேமிலிருந்து தொடங்கலாம். விண்டோஸுடனேயே வரும் ‘மெமரி டயக்னொஸ்டிக்’ சோதனை முதற்கட்டத்துக்கு உதவும்; அதில் குறை அகப்படாமல் நீலத்திரையும் தொடர்ந்தால், ‘மெம்டெஸ்ட்86’ மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி இரவு முழுவதும் ஓட விடுங்கள். அதில் ஒரு பிழை வந்தாலும் அந்த ரேமை நம்ப முடியாது. ‘வீயா’ என்று தொடங்கும் குறியீடு வன்பொருளே முறையிடுகிறது என்பதைக் காட்டும். ‘இன்அக்செசிபிள் பூட் டிவைஸ்’ என்பது விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கை அணுக முடியவில்லை என்பதைக் காட்டும். டிஸ்க் தொடர்பான செய்தி எதைக் கண்டாலும், திருத்தும் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே குடும்பப் படங்களையும் ஆவணங்களையும் வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுக்க வேண்டும்.

நீலத்திரை வந்தாலே கணினி பழுது என்று முடிவுகட்டவும் வேண்டாம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான ஓர் இற்றைப்படுத்தலால் (அப்டேட்) உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையுடன் நின்றன. அந்தக் கணினிகளின் வன்பொருளில் ஒரு குறையும் இருக்கவில்லை.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ‘ஈவென்ட் வியூவர்’இல் ‘கேர்னல் பவர் 41’ என்ற பதிவைக் கண்டு பயந்து என்னை அழைப்பவர்கள் பலர். கணினி முறைப்படி அணைக்கப்படாமல் நின்று மீண்டும் தொடங்கியது என்பதை மட்டுமே அது சொல்கிறது. நின்றதற்கான காரணத்தை அது சொல்வதில்லை. நீலத்திரையே இல்லாமல், சுவிட்சை யாரோ அணைத்ததுபோலக் கணினி சட்டென்று நின்று, இந்தப் பதிவு மட்டும் எஞ்சியிருந்தால் மின்சாரத்தையும் மின்வழங்கியையும் வெப்பத்தையும் பார்க்க வேண்டும்.

மின்விளக்கு ஒருதடவை கண்சிமிட்டினாலே கணினி மீளத் தொடங்குகிறது. முன்பு இப்படி இல்லை. ஏன்?

கொழும்பில் எனக்கு மிக அதிகமாக வரும் கேள்வி இதுவாக இருப்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ஒரு சுழற்சிக்கு 20 மில்லிசெக்கன் ஆகிறது. கணினியின் மின்வழங்கிக்குள் மின்னேற்றத்தைச் சேமித்து வைக்கும் பெரிய கொள்ளளவிகள் (கெப்பாசிட்டர்கள்) மின்சாரம் அறுந்த பின்னும் சுமார் 16, 17 மில்லிசெக்கன் வரை கணினியைத் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்று அதன் தர வரையறை கேட்கிறது. கொள்ளளவிகள் வெப்பத்தில் மூப்படையும்போது இந்தத் தாங்கும் நேரம் சுருங்கிவிடுகிறது. லிஃப்ட் புறப்படும்போதோ குளிரூட்டியின் கொம்பிரசர் தொடங்கும்போதோ ஏற்படும் சிறு தளர்ச்சியைப் புதிதாக இருந்த காலத்தில் பொறுத்துக்கொண்ட அதே மின்வழங்கி இன்று பொறுப்பதில்லை. மின்சாரம் மாறவில்லை, மின்வழங்கிதான் மூப்படைந்துவிட்டது.

மின்சாரம் போனதும் மின்கலத்திலிருந்து கணினியை ஓட்டும் யூ.பி.எஸ். வாங்குவது நல்ல வழிதான். சாதாரண வீட்டு யூ.பி.எஸ். மின்கலத்துக்கு மாற 4 முதல் 10 மில்லிசெக்கன் வரை எடுக்கும். ஆரோக்கியமான மின்வழங்கிக்கு அது பொருட்டன்று, முதுமை அடைந்ததற்கோ அதுவும் அதிகம். எனவே யூ.பி.எஸ். இருந்தும் மின்சாரம் போனவுடன் கணினி நின்றால் யூ.பி.எஸ்.ஸை மட்டும் குற்றம் சொல்லிவிட முடியாது. 650 வி.ஏ. என்று பெட்டியில் எழுதியிருப்பதை 650 வோட் என்று எண்ணிவிடவும் கூடாது. அவற்றில் பெரும்பாலானவை 400 வோட்டுக்கும் குறைவாகவே தரும். லேசர் பிரிண்டரை அதில் பூட்டவே கூடாது. உள்ளே இருக்கும் 12 வோல்ட் ஈய அமில மின்கலத்துக்கு 25 பாகை செல்சியஸே உகந்த வெப்பநிலை. அதற்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். குளிரூட்டி இல்லாத கொழும்பு அறையில், மேசைக்கடியில் சுவரோடு ஒட்டி வைத்த யூ.பி.எஸ். இரண்டு மூன்று ஆண்டுகளில் கைவிட்டால் வியப்பதற்கில்லை. மின்கலத்தை மட்டும் மாற்றலாம், புதிய யூ.பி.எஸ். வாங்க வேண்டியதில்லை.

தொடர்மாடிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. மின்வெட்டின்போது பொது மின்பிறப்பாக்கி உடனே தொடங்குவதில்லை. சில விநாடிகள் எடுக்கும். பிரதான மின்சாரம் திரும்பும்போது மீண்டும் ஒரு மாற்றம் நிகழும். ஆக ஒவ்வொரு மின்வெட்டும் கணினிக்கு இரண்டு அதிர்ச்சிகள். மின்பிறப்பாக்கியின் மின்சாரம் சீராக இல்லாவிட்டால் சில யூ.பி.எஸ்.கள் அதை ஏற்க மறுத்து, மின்கலத்திலேயே ஓடி, அது தீர்ந்ததும் நின்றுவிடும். வீட்டில் விளக்கு எரிய, கணினி மட்டும் அணைவதற்கு இதுவே காரணம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில் எங்கள் மாடியிலேயே பல யூ.பி.எஸ். மின்கலங்கள் போயின. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று பட்டதால் நாடெங்கும் இருளில் மூழ்கியதாக அமைச்சர் சொன்னபோது சிரித்தோம். ஆனால் மின்சாரம் திரும்பும் கணத்தில் கணினியின் பிளக் சுவரில் இருந்திருக்கக் கூடாது என்பதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. நீண்ட மின்வெட்டு என்றால் பிளக்கைக் கழற்றிவிட்டு, மின்சாரம் வந்து பத்து நிமிடம் நிலைத்த பின் பூட்டுங்கள்.

விளையாடும்போதோ காணொளி தொகுக்கும்போதோ மட்டும் நின்றுபோகிறது. மற்ற நேரங்களில் நன்றாக ஓடுகிறது.

சுமை ஏறும்போது மட்டும் நிற்கும் கணினியில் வெப்பமும் மின்வழங்கியும் முதற் சந்தேகத்துக்குரியவை. அறையே 30 பாகைக்கு மேல் இருக்கும் ஊரில், புரொசசர் 95, 100 பாகையை நெருங்கித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வதற்கு அதிக நேரம் ஆவதில்லை. பெட்டியைத் திறந்தால் விசிறிக்கும் வெப்பம் தணிக்கும் தகடுகளுக்கும் இடையில் கம்பளித்துண்டு போல ஒன்று இருக்கும். தூசியோடு சமையலறை எண்ணெய்ப்பசையும் கடலுப்பும் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிப் புகையும் சேர்ந்து இறுகியது அது. விசிறியின் இதழை விரலால் பிடித்துக்கொண்டு தூரிகையால் அகற்றுங்கள்; சுழல விட்டு ஊதினால் விசிறி கெடலாம். புரொசசரின் மேல் பூசிய வெப்பப்பசை பல ஆண்டுகளில் காய்ந்துபோயிருந்தால் புதிதாகப் பூச வேண்டும். கணினிப் பெட்டியை மேசையின் அலுமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

மின்வழங்கிப் பெட்டியை மட்டும் நீங்கள் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பின்னும் உள்ளிருக்கும் கொள்ளளவிகள் ஆபத்தான மின்னேற்றத்தை வைத்திருக்கக்கூடும். கொட்டாஞ்சேனையில் உறவினர் வீட்டில் ‘டப்’ என்ற ஒலியோடு நின்ற கணினியின் மின்வழங்கியைத் திருத்துநர் திறந்தபோது, இரண்டு கம்பிகளுக்கு இடையில் ஒரு சிறு பல்லி நீட்டி நிமிர்ந்து கருகிக் கிடந்தது. பெட்டியின் பின்புறம் கழற்றிய கார்டின் இடம் மூடப்படாமல் இருந்ததால் அந்த வழியாக நுழைந்திருந்தது. ஒரு தகடும் ஒரு திருகாணியும் போட்டு மூடியிருந்தால் தப்பியிருக்கும்.

பெட்டியைத் தொட்டால் விரலில் கூச்சம் போன்ற மின்சாரம் உணர்கிறேன். இதற்கும் கணினி நிற்பதற்கும் தொடர்பு உண்டா?

இருக்கலாம்; எப்படியாயினும் இதை ஒத்திவைக்கக் கூடாது. மின்வழங்கியின் இரைச்சல் வடிப்பி, புவியோடு இணைக்கப்படாதபோது பெட்டியின் உலோகத்தை மின்னழுத்தத்தின் ஏறத்தாழப் பாதிக்கு, அதாவது 115 வோல்ட் அளவுக்கு ஏற்றி வைக்கும். மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் கூச்சமாக மட்டும் உணர்கிறோம். மூன்று கால் பிளக்கை இரண்டு துளைச் செருகிக்குள் பொருத்தும் மாற்றிகள், புவிக்கம்பி இல்லாத மலிவான நீட்டிப்புக் கம்பிகள், பழைய வீட்டில் புவியிணைப்பே இல்லாத சுவர்ச் செருகி ஆகியவை காரணமாகலாம். அந்த நிலையில் எச்.டி.எம்.ஐ. கேபிளைத் தொலைக்காட்சியில் செருகும்போது தீப்பொறி பறந்து துளை கெடுவதையும் கண்டிருக்கிறேன். வேறொரு செருகியில் பூட்டியும் கூச்சம் போகாவிட்டால் தகுதி பெற்ற மின்னியலாளரை அழைத்து வீட்டின் புவியிணைப்பைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

மின்னலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடி இடிக்கத் தொடங்கியதும் மின் பிளக்கை மட்டும் கழற்றினால் போதாது. செம்புக் கம்பியால் வரும் தொலைபேசி இணைப்பையும், கூரையில் உள்ள டிஷ் அன்டெனாவோடு இணைந்த தொலைக்காட்சிக்குப் போகும் எச்.டி.எம்.ஐ. கேபிளையும் கழற்ற வேண்டும்.

விண்டோஸ் இற்றைப்படுத்திய பின் எழுத்தெல்லாம் பெரிதாகிவிட்டது. அல்லது திரையே வரவில்லை.

எழுத்து பெரிதாகி, திரையின் தெளிவை மாற்றவும் முடியாவிட்டால் ‘டிவைஸ் மனேஜர்’இல் ‘மைக்ரோசொஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடப்டர்’ என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உரிய கிராபிக்ஸ் டிரைவர் விழுந்துவிட்டது. கார்டைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து அதை இறக்கி நிறுவ வேண்டும். டிரைவர் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் இலவச மென்பொருள்களை நாடாதீர்கள். புதிய டிரைவருக்குப் பிறகு குறை தொடங்கியிருந்தால் அதே இடத்தில் ‘ரோல் பேக்’ என்ற தெரிவு பழையதைத் திருப்பித் தரும். திரையே வராவிட்டால், விண்டோஸ் தொடங்கும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதை இரண்டு மூன்று முறை செய்தால் மீட்புத் திரை தானாக வரும். அங்கிருந்து, அடிப்படை டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் தொடங்கும் ‘சேஃப் மோட்’இல் நுழையலாம். அதில் படம் சரியாக வந்தால் டிரைவர்தான் காரணம் என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம்.

பழைய ஆவணத்தைத் திறந்தால் தமிழுக்குப் பதிலாக இலத்தீன் எழுத்துகள் தெரிகின்றன. இது திரைக் கோளாறா, வைரஸா?

இரண்டும் அன்று. நம் நாட்டில் மிகப் பரவலாகப் பயன்பட்ட பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த ஆவணத்தின் உள்ளே இருப்பவை உண்மையில் இலத்தீன் எழுத்துகளே. பாமினி அவற்றுக்குத் தமிழ் வடிவம் தந்து காட்டுகிறது. எழுத்துரு கணினியில் இல்லாதபோது வேடம் கலைந்துவிடுகிறது. மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளியாகத் தெரிவதைக் கொண்டு பாமினி என்று உடனே அடையாளம் காணலாம். எழுத்துருவை நிறுவி, உரையைத் தெரிவு செய்து பாமினியை இட்டால் தமிழ் திரும்பும். நிலையாகப் பேண வேண்டியதை ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துக்குப் பதிலாகப் பெட்டிகள் வந்தால் அங்கு தமிழ் எழுத்துருவே இல்லை. கொம்பு எழுத்தைவிட்டு விலகிப் புள்ளியிட்ட வட்டத்தோடு நின்றால் அந்த மென்பொருளுக்குத் தமிழை அடுக்கத் தெரியவில்லை. இதற்காகக் கணினியை ‘ஃபோர்மட்’ செய்து, பத்தாண்டுக்குரிய சங்க அறிக்கைகளை இழந்த ஒருவரை அறிவேன்.

விண்டோஸ் 10 இலேயே தொடர்ந்தால் திரைக் கோளாறுகள் கூடுமா?

உடனடியாக அதிகரிக்காது. 2025 ஒக்டோபர் 14 அன்று அதற்கான பொதுவான ஆதரவு முடிந்தது; பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனர்களுக்குப் பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் 2026 ஒக்டோபர் 13 வரை கிடைக்கும். காலப்போக்கில் புதிய டிரைவர்கள் கிடைப்பது குறையும் என்பதால், புதிதாகக் கிராபிக்ஸ் கார்ட் வாங்க எண்ணுபவர்கள் மட்டும் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

கடையில் கொடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பற்றுச்சீட்டின் பின்புறத்தை வாசியுங்கள். ஓராண்டு உத்தரவாதம் என்பதை 350 நாட்கள் என்று குறிப்பிடும் கடைகள் இங்கு உண்டு; எரிந்த தடம், துரு, மின்னல், பூச்சி புகுந்தமை ஆகியவற்றை உத்தரவாதத்திலிருந்து விலக்கியும் இருப்பார்கள். பெட்டியையும் உள்ளிருக்கும் பகுதிகளின் தொடர் இலக்கங்களையும் படம்பிடித்து வைத்துக்கொண்டு, மாற்றிய பழைய பகுதியைத் திருப்பித் தரும்படி முன்கூட்டியே கேளுங்கள். முறையற்று நடத்தப்பட்டதாகக் கருதினால் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். டிஸ்க்கில் உள்ளவற்றைப் பிரதி எடுத்த பின்னரே கணினியைக் கொடுங்கள்.

கடையில் நன்றாக ஓடுகிறது. வீட்டுக்குக் கொண்டுவந்தால் மீண்டும் அதே கதை. என்ன செய்வது?

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா போன்ற இடங்களில் உங்கள் பெட்டியைக் குளிரூட்டிய அறையில், அவர்களுடைய மொனிட்டரோடும் கேபிளோடும் மின் இணைப்போடும் ஓட்டிப் பார்க்கிறார்கள். அங்கே ஓடி, வீட்டில் ஓடாவிட்டால் பெரும்பாலும் நீங்கள் கடைக்குக் கொண்டு போகாத ஏதோ ஒன்றில்தான் பழுது இருக்கிறது. அடுத்த முறை மொனிட்டர் கேபிளையும் மின் கேபிளையும் சேர்த்தே எடுத்துச் செல்லுங்கள்; வீட்டில் நீட்டிப்புக் கம்பியை விலக்கி, நேரே சுவர்ச் செருகியில் பூட்டிப் பாருங்கள். அதற்கு முன் பக்கத் தகட்டை ஒருமுறை திறந்து, கிராபிக்ஸ் கார்ட் துளையில் நன்றாக அமர்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பாரமான கார்டுள்ள கணினியை முச்சக்கரவண்டியில் காலி வீதியால் ஏற்றிவந்தால், கடையில் இறுக்கிப் பூட்டியதும் வீட்டு வாசலுக்கு வருவதற்குள் தளர்ந்துவிடுகிறது. மடியில் வைத்து வருவதானால், கார்ட் தொங்காமல் நிமிர்ந்து நிற்கும்படி பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்துக்கொள்ளுங்கள்.